ஓர் ஆபீஸை நாலு வீட்டுக்குப் பங்கு வைத்தோம்

அறுப்பு மெஷினை வாடகைக்கு அனுப்பும் கம்பெனியில் போன் எடுப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டே பருவம்தான்: யாருமே கூப்பிடாத பருவம், எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடும் பருவம். தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இந்த இரண்டையும் நாங்கள் நாலு பேர் பல வருஷம் பார்த்துவிட்டோம். பிறகு மூன்றாவதாக ஒரு பருவம் வந்தது. அதற்கு 'மாற்றம்' என்று தலைமை அலுவலகம் பெயர் வைத்திருந்தது. ஆபீஸ் வீட்டுக்குள் நுழைந்து, சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு, நம்மைச் சமையலறைக்குத் துரத்திய அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், இனி நான் சொல்வதில் எதையும் மிகை என்று நினைக்க மாட்டீர்கள்.

நாலு பேரில் கோவிந்தராஜன் அண்ணன் பட்டுக்கோட்டைக்காரர், தென்னந்தோப்பு உண்டு, என்னைவிட மூத்தவர். முருகையன் முத்துப்பேட்டை, மீன் பிடிக்கும் குடும்பம். மலர்க்கொடி கீழ்வேளூர், கைக்குழந்தைக்காரி. நாலாவது ஆள் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆபீஸில் எல்லோரும் டீ குடிக்கப் போகும் நேரத்தில் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன். அதனாலேயே என்னை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள்.

அறிவிப்பு

ஆடி மாசத்தில் ஒரு நாள், சென்னைத் தலைமை அலுவலகத்தில் மனிதவளம் பார்க்கும் ஷாலினி மேடம் திரையில் வந்தார். மும்பையில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மோசமான செய்தியைக்கூடப் பிறந்தநாள் வாழ்த்து சொல்கிற முகத்தோடுதான் சொல்வார். தஞ்சாவூர் ஆபீஸைக் காலி செய்கிறோம், இனி அவரவர் வீட்டிலிருந்தே வேலை, புது மென்பொருள் வருகிறது, சம்பா அறுவடை முடியும்வரை இது சோதனைக் காலம் என்றார். தேறினால் இப்படியே தொடரலாம். தேறாவிட்டால் விவசாயிகளின் போனை எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் குரல் எடுத்துக்கொள்ளும், நாங்கள் தேவையில்லை. "இந்த மாற்றத்தில் உங்க டீமுக்கு நீங்கதான் துணையா நிக்கணும்" என்று என்னிடம் சொன்னார். எப்படி என்று நான் கேட்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தைரியமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பஸ் செலவு மிச்சம்" என்றேன். மலர்க்கொடியின் கணவர் வளைகுடாவுக்குப் போய் ஏமாந்து திரும்பி, அப்போதுதான் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தார். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்: "வீட்லேருந்து வேலைன்னா எனக்கு வரம் சார். ஆனா அதுவும் போச்சுன்னா, பால்குடி மறக்காத புள்ளைய அத்தைகிட்ட விட்டுட்டு நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் போகணும். அதனால அவங்க என்ன கோமாளித்தனம் பண்ணச் சொன்னாலும் பண்ணிடுவோம்."

போர்டு

ஆபீஸைக் காலி செய்த அன்று ஆளுக்கொரு பொருளாக எடுத்துக்கொண்டோம். சொத்துப் பிரிக்கிற மாதிரியேதான் இருந்தது. மலர்க்கொடிக்கு நாற்காலி, முருகையனுக்கு மேஜை விசிறி, எனக்குச் சுவர்க் கடிகாரம். கோவிந்தராஜன் அண்ணன் மட்டும் வாசலில் இருந்த பெரிய பெயர்ப் பலகையைக் கழற்றித் தரச் சொன்னார். "கம்பெனி பேரைக் காயலான் கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வரலை" என்று அதை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

போனவர் அதைப் பத்திரமாக உள்ளே வைக்கவில்லை. பட்டுக்கோட்டையில் தன் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டார். ஒரே வாரத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் அங்கே வந்து இறங்கிவிட்டார்கள். சேற்று வயலில் இறங்கும் பெல்ட் வண்டி எப்போது கிடைக்கும், டயர் வண்டிக்கு என்ன வாடகை என்று கேட்டு, கூடத்தில் உட்கார்ந்து, பேப்பர் படித்து, வெயில் தாழ்ந்த பிறகே எழுந்து போனார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னால், இவர் வீட்டையே கிளை ஆபீஸாக மாற்றிவிட்டார். போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டு வரலாம் என்று நான் நேரில் போனபோது, அவர் மனைவி எனக்கும் ஒரு டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஆபீஸை எங்க வீட்டுக்கு அனுப்பினீங்க, சரி. ஆபீஸுக்கு டீ கொடுத்த அந்தக் கடைக்காரரையும் கூடவே அனுப்பியிருக்கக் கூடாதா?"

திங்கட்கிழமை எட்டு மணி

புது மென்பொருள் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கும், அந்த நிமிஷமே நால்வரும் உள்ளே நுழைந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகு காலம். மெஷினை வயலில் இறக்குவதற்கே நேரம் பார்க்கிற ஊர் இது. "ஆபீஸ் உத்தரவு, எட்டு மணி" என்று மூவருக்கும் செய்தி அனுப்பினேன். மூவரும் "சரிங்க சார்" என்று பதில் போட்டார்கள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு உள்ளே இருந்தவன் நான் ஒருவன்தான். ஷாலினி மேடம் பதறிப்போய், எல்லோரும் கூட்டாக எதிர்ப்புக் காட்டுகிறார்களா என்று கேட்டார். விசாரித்தால், மூவரும் ஏழு இருபதுக்கே நல்ல நேரத்தில் பழைய மென்பொருளுக்குள் நுழைந்து தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு மணிக்குப் பழசு நின்றுபோனதும், இனி ஒன்பதுக்கு மேல்தான் என்று குளிக்கப் போய்விட்டார்கள். ஒன்பது அடித்ததும் வரிசையாக வந்தார்கள். அவர்கள் மூவருக்கும் வழுக்கிக்கொண்டு ஓடியது. எட்டு மணிக்கு நுழைந்த எனக்கு மட்டும் 'காத்திருங்கள்' என்று திரையில் வரும் அந்த வட்டம் சாயங்காலம்வரை சுற்றிக்கொண்டே இருந்தது. கோவிந்தராஜன் அண்ணன் போனில் சொன்னார்: "நாங்க சொன்னா மூடநம்பிக்கைம்பீங்க. உங்க கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க சார்."

படகுப் பயிற்சி

மாற்றத்தை எதிர்கொள்வது எப்படி என்று சொல்லித்தர பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் திரையில் வந்தார். மாற்றத்துக்கு ஐந்து படிகள் இருக்கின்றனவாம். முருகையன் வீட்டுக்குள் சிக்னல் வராது. ஆற்றில் கட்டியிருக்கும் அவன் அண்ணனுடைய படகில் உட்கார்ந்தால் நன்றாக வரும். அதனால் பயிற்சிக்குப் படகிலிருந்தே வந்தான். முதல் படி முடியும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவது படியில் முருகையனுக்குப் பின்னால் இருந்த கரை மெல்ல நகர ஆரம்பித்தது. தண்ணீர் ஏறிவிட்டதென்று அவன் அண்ணன் கயிற்றை அவிழ்த்துவிட்டாராம்.

படகு காயலுக்குள் போகப் போக, திரையில் முருகையனும் வானமும் அலையாத்திக் காடும் மேலும் கீழுமாக ஆடின. "கொஞ்சம் ஆடாம உக்காருங்க" என்றார் பயிற்சியாளர். "நான் ஆடலைங்க சார், தண்ணிதான் ஆடுது" என்றான் முருகையன். அவர் திரையில் முருகையன் இருந்த அந்த ஒரு கட்டத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது படியில் குரல் தேய்ந்தது. முகம் வெளுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர் திரும்பவில்லை. மீதி இரண்டு படிகள் என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. முருகையன் உண்மையான அக்கறையோடு சொன்னான்: "அவரை எலுமிச்சம்பழம் மோந்து பார்க்கச் சொல்லுங்க சார். மொதத் தடவ படகுல வர்றவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

பச்சை விளக்கு

புது மென்பொருளில் எங்கள் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு விளக்கு. மவுஸ் அசைந்துகொண்டிருந்தால் பச்சை. கொஞ்ச நேரம் அசையாவிட்டால் மஞ்சள். மஞ்சள் அதிகமானால் சோதனையில் மதிப்பெண் குறையும். மலர்க்கொடி காதில் போனை மாட்டிக்கொண்டு, மாவு பிசைந்தபடியே பத்து விவசாயிகளுக்கு மெஷின் ஏற்பாடு செய்துவிடுவாள். ஓர் அழைப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் விளக்குக்கு மாவு தெரியாதே. முதல் வாரம் முழுக்க அவளுக்கு மஞ்சள்.

இரண்டாவது வாரம், கம்பெனியிலேயே அதிகப் பச்சை அவளுக்குத்தான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில்கூட அணையவில்லை. எல்லாக் கிளைகளுக்கும் அவள் தன் வெற்றி ரகசியத்தைப் பேச வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். பேச்சுக்குத் தயார் செய்ய நான் கீழ்வேளூருக்குப் பஸ் ஏறினேன். உள்ளே போனால், கூடத்தில் தூளி ஆடிக்கொண்டிருக்கிறது. தூளியின் அடியில் ஒரு நூல். நூலின் முனையில் மவுஸ். பக்கத்து முக்காலியில் அது இப்படியும் அப்படியும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. மலர்க்கொடி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். கூட்டத்தில் என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். "என் வெற்றிக்குக் காரணம் என் பையன்னு சொல்லிடுறேன் சார், பொய்யில்லையே" என்றாள். அப்படியே சொன்னாள், எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று நான் கிளம்பும்போது அவளுடைய மாமியார் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புள்ள முழிச்சு எறங்கிட்டா வெறும் தூளிய ஆட்டக் கூடாதுங்களே. அதனால ஒரு பூசணிக்காயைப் படுக்க வச்சு ஆட்டுறேன். நேத்து மத்தியானம் பூரா உங்க கம்பெனிக்கு வேலை பார்த்தது அதுதான்."

சேர்ந்து சாப்பிட்டது

பிரிந்திருந்தாலும் மனசு ஒன்றாயிருக்க வேண்டும் என்பதற்காக, மாதம் ஒரு நாள் எல்லோரும் கேமராவுக்கு முன்னால் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். முதல் தடவை தலைமை அலுவலகத்துப் பெரிய மேலாளரே வந்தார். அவர் ஏதோ விரதமோ பத்தியமோ, கண்ணாடி டம்ளரில் பச்சையாக ஒன்றை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். முருகையன் தட்டில் வறுத்த கொடுவா மீன். கோவிந்தராஜன் அண்ணன் இலையில் தேங்காயை அள்ளிப் போட்ட கூட்டும் அவியலும். மலர்க்கொடி தட்டில் இறால் தொக்கு. என் தட்டில் ரசம் சாதம், ஓர் அப்பளம். மனைவி போனபிறகு எனக்கு அடுப்பில் இரண்டாவது பாத்திரம் ஏற்றத் தோன்றுவதில்லை. மேலாளர் டம்ளரை வைத்துவிட்டு, ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, "ஆகா" என்றார். ஒரு தடவை இல்லை, நிறைய தடவை.

மறுநாள் மூன்று பேருக்கும் வயிற்று வலி. மூன்று ஊர், மூன்று அடுப்பு, மூன்று விதச் சாப்பாடு. மலர்க்கொடியின் மாமியார் ஒரே நொடியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். உப்பும் வரமிளகாயும் எடுத்து, மருமகளைச் சுற்றி, பேரனைச் சுற்றி, லேப்டாப்பையும் மூன்று தடவை சுற்றி நெருப்பில் போட்டார். மிளகாய் கருகியும் நெடி வரவில்லையாம். அதனால் கண்ணேறு உறுதியாகிவிட்டது. இத்தனையும் நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வாயைக் கொடுத்தேன். அந்த அம்மா லேப்டாப்புக்குள் குனிந்து சொன்னார்: "சந்தோஷப்படாதீங்க சார். அந்தத் தட்டைப் பார்த்து யாருக்குக் கண்ணு படும்? நாளையிலேருந்து ஒரு பொரியலாச்சும் வைங்க."

துக்கம் விசாரித்தது

கோவிந்தராஜன் அண்ணனின் மாமனார் தவறிவிட்டார். வயதானவர், கல்யாணச் சாவு. நாங்கள் மூவரும் நேரில் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். ஆனால் துணை நிற்பது பற்றிய விதிமுறையில் இருக்கிறது என்று, காரியம் முடிவதற்குள் ஷாலினி மேடம் இணையத்தில் ஓர் அனுதாபக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டார். பட்டுக்கோட்டை வீட்டில் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து, சுற்றிலும் உறவுக்காரர்கள் உட்கார்ந்தார்கள். இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததும் பெண்களுக்கு அழுகை பொங்கியது. மென்பொருளில் பின்னணிச் சத்தத்தை நீக்கும் வசதி உண்டு. அது அழுகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் வாய் திறந்து, மார்பில் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் மயான அமைதி. சத்தம் எதுவும் வராததால் மேடம், "எல்லோரும் தைரியமா இருக்கீங்க, நல்லது" என்றார்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். மும்பையில் வளர்ந்த பெண்ணுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? அவர் கை கூப்பி, கண் கலங்கி, உண்மையான அன்போடு, "சீக்கிரமே மறுபடியும் எல்லோரும் இதே மாதிரி கூடுவோம்" என்று சொல்லிவிட்டு மறைந்தார். இரண்டு நிமிஷத்தில் கோவிந்தராஜன் அண்ணன் எனக்குப் போன் செய்தார்: "சார், மறுபடியும் கூடுவோம்னு சொல்லிட்டாங்களே. எங்க மாமியார் அடுத்தது யாருன்னு ஒவ்வொருத்தரையா உத்துப் பார்த்துக்கிட்டிருக்காங்க."

கம்ப்யூட்டர் குரல்

தை பிறந்தது. சம்பாக் கதிர் பழுத்து, எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடும் பருவம் வந்துவிட்டது. எங்களையும் கம்ப்யூட்டர் குரலையும் ஒப்பிட்டுப் பார்க்க, பாதி அழைப்புகளை அதற்குத் திருப்பிவிட்டார்கள். இனிமையான பெண் குரல். "வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கும். எங்கள் பக்கத்து விவசாயி எடுத்த எடுப்பில் காரியத்தைச் சொல்ல மாட்டார். முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். அதற்குப் பதில் வந்த பிறகுதான் மெஷின், வயல், வாடகை எல்லாம்.

கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார். "மன்னிக்கவும், புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்றது குரல். அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். அது இன்னும் பணிவாக மன்னிப்புக் கேட்டது. காலையிலாவது ஏதாவது சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டார். அதற்கும் மன்னிப்பு. வெகுநேரம் போராடிவிட்டு, நெஞ்சு தாளாமல் என் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டார். நான் மெஷினுக்கு நேரம் குறிக்கப் போனால், அவர் அதை விடச் சொன்னார்: "மெஷின் கெடக்கட்டும் தம்பி. சாப்பாடுன்னா என்னான்னே புரியலைங்குது அந்தப் பொண்ணு, எத்தனை நாள் பட்டினியோ. ஒரு மூட்டை பொன்னி அனுப்பிவிடறேன், விலாசத்தைச் சொல்லுங்க."

தீர்ப்பு

மாசியில் அறிக்கை வந்தது. விவசாயிகள் எங்களோடு பேசுவதைவிட அந்தக் குரலோடு அதிக நேரம் பேசுகிறார்களாம், ஆகவே அதைத்தான் அவர்களுக்கு அதிகம் பிடித்திருக்கிறதாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மலர்க்கொடிக்கு வரவில்லை. திருப்பூரில் இருக்கும் சித்தி மகளிடம் தங்க இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள். குழந்தைக்குப் புட்டிப்பால் பழக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அவன் துப்பிவிடுகிறான் என்று என்னிடம் சொன்னபோது அவள் குரலில் இருந்தது சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்காவது வாயில் போட ரசம் சாதம் இருக்கிறது, அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் குரலே எழுதியிருக்கும்.

தீர்ப்புச் சொல்லும் நாளில் நாலு பேரும் நேரத்தோடு திரையில் உட்கார்ந்தோம். மலர்க்கொடி மடியில் குழந்தை. ஷாலினி மேடம் வெகுநேரம் கழித்து வந்தார். பின்னால் வழக்கமான கண்ணாடிச் சுவர் இல்லை. ஒரு ஃப்ரிட்ஜ், அதன்மேல் வெங்காயக் கூடை. சென்னை ஆபீஸையும் காலி செய்துவிட்டார்களாம். பெரிய மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்களுக்கு மதிப்பெண் போட வேண்டிய குழுவையே கலைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் குரலின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடும் ஆள் இப்போது யாருமில்லை, அதனால் நேற்றோடு அது நின்றுவிட்டது. "அப்ப நாங்க பாஸா, பெயிலா மேடம்?" என்று கேட்டாள் மலர்க்கொடி. "சொல்றதுக்கு ஆள் இல்லைம்மா, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க" என்றார் மேடம். மலர்க்கொடி குழந்தையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், அவன் கேமராவைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

பிறகுதான் மேடம் தன் விஷயத்துக்கு வந்தார். மாற்றத்தில் அனுபவமுள்ள குழு என்று எங்களைக் குறிப்பிட்டு, அவரை எங்களோடு சேர்த்திருக்கிறார்கள். அவருக்கு நான் துணை நிற்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, வெங்காயக் கூடையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேற்பார்வையாளன் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் தொண்டையைச் செருமினேன். எனக்கு முன்னால் மலர்க்கொடி சொல்லிவிட்டாள்: "மொத மாசம் அப்படித்தான் மேடம் இருக்கும். அழணும்னா மைக்கை மட்டும் அணைச்சுட்டு அழுங்க. கேமரா அப்படியே இருக்கட்டும், நாங்க பார்த்துக்கிட்டே இருக்கோம்."

ஆக, மாற்றத்தில் மற்றவர்களுக்குத் தலைமை தாங்கியதில் நான் தேர்ச்சி பெற்ற ஒரே பாடம், தனித்தனி அறைகளில் உட்கார்ந்து ஐந்து பேர் "கேக்குதுங்களா, கேக்குதுங்களா" என்று கத்திக்கொண்டிருக்கும்போது, அவர்களில் ஒருவன் வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "கேக்குது" என்று சொன்னால் அதற்கும் மாதம் பிறந்தால் சம்பளம் போடுகிறார்கள் என்பதுதான்.